மரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

டெர்மினஸ் சுவரோரம் நின்ற மரம் அந்தக் கோடையிலும் வாடவில்லை. சுற்றிலும் புல் பூண்டெல்லாம் கருகிக் கிடக்க, அது மட்டும் மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி தளதளவென்று நின்றது.

கடைசி நடை முடிந்து பஸ் நின்றதும் கண்டக்டரம்மா இறங்கி நேராக அந்த மரத்தடிக்குத்தான் போவாள். தோள்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுப்பாள். காலையில் கணவர் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மூடியைத் திருகி வேரடியில் கவிழ்ப்பாள். மண் அதைக் குடித்து முடிக்கும்வரை அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே நிற்பாள், ஏதோ திருட்டுப்பொருளைப் புதைக்கிறவள் மாதிரி.

"அந்த மரத்துக்குக் கிட்னி கெடவே கெடாது தங்கச்சி" என்பார் டிரைவர். அவள் பஸ்ஸை வருஷக்கணக்காக ஓட்டுகிறவர். வயிறு ஸ்டீயரிங்கைத் தொடும். வாய் எதையும் தொட்டுவிடும்.

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா அண்ணே?"

"நான் மரத்தைத்தானே சொன்னேன்? உன்னைச் சொன்னா விசிலாலேயே அடிப்பே."

அவள் சிரித்துக்கொண்டே காலி பாட்டிலை உதறிப் பையில் வைப்பாள். வீட்டுக்குப் போனதும் அதைக் கணவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். ஒரு சொட்டும் விழாது. அப்போது அவர் முகத்தில் வரும் நிம்மதிக்காகத்தான் அவள் இத்தனை நாடகமும் ஆடினாள்.

ஏன் குடிக்கவில்லை என்று கேட்பவர்கள், நாள் முழுக்கக் கூட்ட பஸ்ஸில் நின்று டிக்கெட் கிழித்த பெண்ணாக இருக்க மாட்டார்கள். காலையில் ஏறினால், நடைக்கும் நடைக்கும் நடுவே கிடைப்பது மூச்சு விடுகிற நேரம். டெர்மினஸில் கழிப்பறை என்று ஒன்று இருந்தது. கதவில் தாழ்ப்பாள் இல்லை. தரையில் கால் வைக்க இடம் இல்லை. வெளியே எப்போதும் நாலு ஆண்கள் பீடி புகைத்துக்கொண்டு நிற்பார்கள். ஆண்களுக்கு ஊரெல்லாம் சுவர். அவளுக்கு?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை அடக்க முடியாமல் பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஒரு கடைக்குள் ஓடினாள். திரும்பி வந்தபோது பஸ் முழுக்கச் சிரித்தது. "அம்மா மாசமா இருக்காங்க போல" என்று பின்சீட்டிலிருந்து ஒருத்தன் சொன்னான். அன்றைக்கு முடிவு செய்தாள். உள்ளே போனால்தானே வெளியே வரும்? தொண்டை காய்ந்தால் இரண்டு வாய், அதற்கு மேல் இல்லை. உடம்பு பழகிக்கொண்டது. உடம்பைப் போல நல்ல வேலைக்காரி கிடையாது, சொன்னபடி கேட்கும். ஆனால் கணக்கை மட்டும் ஒரு நாள் மொத்தமாகத் தீர்த்துவிடும். நின்று நின்று முழங்கால் வலித்தது. மருந்துக்கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். முதலில் எப்போதாவது. பிறகு காலை டீயோடு ஒன்று என்று ஆகிவிட்டது.

குடிக்காவிட்டால் போகட்டும். "இன்னிக்குக் குடிக்கலீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அதைச் சொல்லத்தான் அவளுக்கு நாக்கு எழவில்லை. அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டில் இருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள், ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாந்தியும் பேதியுமாகப் போயிற்று. "எதையோ தின்னிருக்கா, நாளைக்குச் சரியாயிடும்" என்றார் அப்பா. மறுநாள் தூக்கிக்கொண்டு ஓடியபோது மருத்துவமனையில் சொன்னார்கள்: "உடம்புல தண்ணியே இல்லையே. நேத்தே கொண்டு வந்திருக்கக் கூடாதா?"

அந்தக் கேள்வியோடு அவர் வீட்டுக்கு வந்தார். மகள் வரவில்லை.

அதன் பிறகு அவர் சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். தையல் மெஷின் பழுது பார்ப்பது அவர் தொழில். முன்னறையில் மெஷின்கள் தூசி படிந்து கிடந்தன. சாப்பாட்டுத் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. தூக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. ஒரு நாள் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது அவர் ரயில் பாதைப் பக்கம் நின்றதாகச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார்.

மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். கூடவே ஒன்று சொன்னார்: "பெரிசா எதையும் யோசிக்காதீங்க. தினமும் ஒரே நேரத்துல எழுந்திருங்க. கொஞ்ச தூரம் நடங்க. ஜன்னல்கிட்ட உக்காந்து மூச்சை மெதுவா இழுத்து விடுங்க. பசிச்சாலும் பசிக்கலைன்னாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்க. அப்புறம், யாராவது ஒருத்தருக்காக ஒரு சின்ன வேலை செய்யுங்க. தினமும்."

மூழ்குகிறவன் கட்டையைப் பிடித்துக்கொள்வது போல அவர் அதைப் பிடித்துக்கொண்டார். விடியும் முன்னே எழுந்து தெருக்கோடி வரை நடந்தார். பிறகு பாலம் வரை நடந்தார். வந்து ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்தார். மெஷின்களைத் துடைத்தார். விளக்கை அணைக்கும் நேரம்கூட மாறுவதில்லை. உடம்பு தேறியது, முகம் தெளிந்தது. தெருவில் அவருக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயரே விழுந்தது. அவர் நடந்து போவதைப் பார்த்து அடுப்பு மூட்டுகிறவர்கள் இருந்தார்கள்.

ஒருத்தருக்காக ஒரு சின்ன வேலை என்றாரே, அதுதான் இந்த பாட்டில். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டி, நிரப்பி, அவள் கையில் கொடுப்பார்.

"முழுசாக் குடிச்சுடணும், என்ன?"

"சரிங்க."

"மிச்சம் வைக்கக் கூடாது."

"சின்னக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்றீங்களே."

சொன்ன பிறகுதான் அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். அவர் யாருக்குச் சொல்கிறார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆரம்பத்தில் ஒரு நாள் தண்ணீர் குறையாத பாட்டிலோடு திரும்பியிருந்தாள். அவர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே இருந்தார். அன்று சாப்பிடவில்லை, மறுநாள் நடக்கவும் போகவில்லை. அவ்வளவுதான். அதற்கு மறுநாள் முதல் மரம் குடிக்க ஆரம்பித்தது.

முதலில் கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்த தடம் இரவெல்லாம் மறையவில்லை. "நின்னு வேலை பாக்கறவளுக்குக் கால் வீங்காம காதா வீங்கும்?" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு முகம் வீங்கியது. பயணிகளுக்கு நடுவே நகரும்போது மூச்சு வாங்கியது. ஒரு நாள் மேம்பாலத்தில் பஸ் ஏறிக்கொண்டிருந்தபோது, டிக்கெட்டை நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, அவள் ஒரு கிழவரின் மடியில் சரிந்து விழுந்தாள்.

டிரைவர் நிறுத்தங்களில் நிற்காமல் பஸ்ஸை நேரே மருத்துவமனை வாசலுக்கு ஓட்டினார். இறங்க வேண்டியவர்கள்கூட வாய் திறக்கவில்லை.

சிறுநீரகம் இரண்டும் சுருங்கத் தொடங்கியிருக்கிறது என்றார்கள். டாக்டர் சின்னப் பெண், நிதானமாகப் பேசினாள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "அந்தக் கவலையே வேண்டாம் டாக்டர். நானே என் கையால நிரப்பிக் கொடுப்பேன். பெரிய பாட்டில். சாயந்தரம் ஒரு சொட்டு மிச்சம் இருக்காது." அந்தக் குரலில் ஒரு பெருமை. ஒரு மனிதன் தன் வாழ்க்கையில் சரியாகச் செய்த ஒரே காரியத்தைச் சொல்கிற பெருமை.

டாக்டர் அவளைப் பார்த்தாள். அவள் தலையாட்டினாள்.

"வலி மாத்திரை ஏதாவது?"

"எப்பவாச்சும்."

அந்த இரண்டு பொய்களையும் நம்பி டாக்டர் வேறு பக்கம் தேடத் தொடங்கினாள். ரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். இந்த வாரம் வா, அடுத்த வாரம் வா என்றார்கள். சர்க்கரை இல்லை. பரம்பரையிலும் யாருக்கும் இல்லை. "ஊசி போட்டுக் கிட்னியில இருந்து துளி சதை எடுத்துப் பாக்கலாம்" என்றாள் டாக்டர். பேச்சோடு பேச்சாக இன்னொன்றையும் கேட்டாள்: "வீட்ல குடிக்கிற தண்ணி எங்கேருந்து வருது? அதையும் ஒரு தடவை சோதிச்சுப் பாருங்களேன்."

டாக்டர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டாள். கணவரின் நெஞ்சில் அது ஆணியாக இறங்கியது.

அன்று மாலையே அவர் தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்துத் தேய்க்கத் தொடங்கினார். வடிகட்டியைப் பிய்த்துப் போட்டார். குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டுத் துருவைச் சுரண்டினார். நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது.

"என்னங்க பண்றீங்க? விடுங்க."

"என் கையால ஊத்திக் கொடுத்தேனே" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "அவளுக்குத் தண்ணி கொடுக்காம கொன்னேன். உனக்குக் கொடுத்துக் கொல்றேன்."

அவளுக்குக் காலடியில் பூமி நழுவியது. எந்தப் பள்ளத்தில் அவர் விழக்கூடாது என்று வருஷக்கணக்காக ஊற்றி ஊற்றி மறைத்தாளோ, அந்தப் பள்ளத்தை அவளே வெட்டி வைத்திருக்கிறாள். தன் நோய் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டால்?

அப்படியேதான் ஆயிற்று. மறுநாள் அவர் நடக்கப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. மெஷின் கொண்டு வந்தவர்கள் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினார்கள். தெருவில் ஒரு அம்மா கேட்டாள், "என்னம்மா, உங்க வீட்டுக் கடிகாரம் நின்னு போச்சா?" கேட்டவளுக்கு அது வேடிக்கை. இவள் உள்ளே வந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

டிரைவர் பார்க்க வந்தார். பழப்பையை வைத்துவிட்டு, முன்னறையில் படுத்துக் கிடந்தவரை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நான் எவ்வளவோ ஆளைப் பாதி வழியில இறக்கி விட்டிருக்கேன். நீ இவரை இப்படி நடுவழியில இறக்காதே. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நீங்க சொன்னா, ஊருக்கே தெரிஞ்சது தனக்குத் தெரியலைன்னு நெனப்பாரு. நானே சொல்றேன் அண்ணே."

"எப்போ?"

அவள் பழப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் வற்புறுத்தவில்லை. வழக்கமாக வாசலில் நின்று ஏதாவது கேலி சொல்லிவிட்டுப் போகிறவர், அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் போனார்.

மறுநாள் விடிகிற நேரம். அவர் நடக்கப் போக வேண்டிய நேரம். ஜன்னலில் வெளுப்புத் தட்டியது. அவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். அவள் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க."

அவர் போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கொடுத்த தண்ணியை நான் குடிக்கலீங்க."

முதுகு அசையவில்லை. ஆனால் மூச்சு நின்றது போல இருந்தது.

"ஒரு நாளும் குடிச்சதில்ல. தொண்டை நனைய ரெண்டு வாய், அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் டெர்மினஸ்ல ஒரு மரம் இருக்கு, அதுக்கு ஊத்திட்டு வந்துடுவேன். உங்க தண்ணியில ஒரு குத்தமும் இல்ல. அது உள்ள போகாததுதான் குத்தம். வலி மாத்திரையும் தினம் போட்டேன். எல்லாத்தையும் மறைச்சேன்."

அவர் மெல்லத் திரும்பினார். எழுந்து உட்கார்ந்தார். அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், அழுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் எதுவும் செய்யாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வெயில் ஏறியது. அவர் வரவில்லை. பாலம் வரைதானே போவார்? பாலத்தைத் தாண்டினால் ரயில் பாதை. அவள் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். நடக்க முடியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். போகிற வருகிறவர்கள் முகமெல்லாம் அவர் முகமாகத் தெரிந்தது. 'பொய்யைச் சொல்லிப் பிழைக்க வச்சேன், உண்மையைச் சொல்லிப் பறிகொடுத்துட்டேனா?' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

வெயில் உச்சிக்கு வந்தபோது தெருமுனையில் அவர் தெரிந்தார். சட்டை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. வந்து அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார்.

"டெர்மினஸ் வரைக்கும் நடந்தேன்" என்றார்.

"அவ்வளவு தூரமா?"

"அந்தக் கக்கூஸைப் பாத்தேன்." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "தாழ்ப்பாள்கூட இல்ல."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தினம் உன்னைக் கேட்டேன், குடிச்சியா குடிச்சியான்னு. குடிச்சா நீ எங்கேம்மா போவேன்னு ஒரு நாள் கேக்கலையே நான்." அவர் குரல் உடைந்தது. "உன் உடம்பைப் பாக்கல. பாட்டிலைத்தான் பாத்தேன்."

"விடுங்க. நான் சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றார் அவர். அதில் கோபம் இருந்தது. அவளுக்கு அந்தக் கோபம்கூட ஆறுதலாக இருந்தது. "நான் பொண்ணைப் பறிகொடுத்தவன்தான். படுத்துக் கிடந்தவன்தான். அதுக்காக விரல் பட்டா உடைஞ்சு போற பாண்டமாவா என்னை நெனச்சே? எனக்காக உன் உயிரை மரத்துக்கு ஊத்தியிருக்கே. அதைக் கேட்டதுக்கு அப்புறமும் நான் நடந்துதான் வந்திருக்கேன், பாரு."

அவள் அவர் தோளில் சாய்ந்தாள். தெருவே பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும்.

டாக்டரிடம் இருவரும் சேர்ந்து போய் உள்ளதைச் சொன்னார்கள். டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள். "முதல் நாளே சொல்லியிருந்தா கொஞ்சமாவது காப்பாத்தியிருக்கலாம். வலி மாத்திரையை அன்னிக்கே நிறுத்தியிருப்பேன்" என்றாள். அதற்கு மேல் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

அந்த வருஷம் முடிவதற்குள் டயாலிசிஸ் வந்துவிட்டது. வேலை போனது. வாரத்தில் பாதி நாள் படுக்கையிலும் குழாய்களிலும் கழிந்தது. விதியின் கிண்டலைப் பாருங்கள்: இனிமேல் அவள் தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் வெளியேற்ற உடம்புக்குச் சக்தி இல்லை, நுரையீரலில் கோத்துக்கொள்ளும். நாளுக்கு இரண்டு சின்ன டம்ளர், டீயும் மருந்தும் அதற்குள் அடக்கம். வருஷக்கணக்காக வலியத் தாகத்தை அடக்கியவளுக்கு, இப்போது வீடெல்லாம் தண்ணீர்ச் சத்தமாகக் கேட்டது. பக்கத்து வீட்டில் குழாய் சொட்டினால்கூட அவள் நாக்கு புரண்டது.

அவர் மறுபடி நடக்கப் போனார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். இப்போது அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "இழு... மெதுவா விடு..." என்று அவர் சொல்ல, அவள் கண்ணை மூடிக் கேட்பாள். ஊசி குத்திய கை வலிக்கும் நாட்களில் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நேரத்தைத் தாண்டினாள்.

ஒரு நாள் மத்தியானம். வெயில் கொளுத்தியது. அவர் மெஷினை விட்டு எழுந்து பின்பக்கம் போனார். குழாயை மிக மெல்லத் திறக்கிற சத்தம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து போய்ப் பார்த்தாள். அவர் முதுகைக் காட்டி நின்று, கையைக் குவித்து அவசர அவசரமாகக் குடித்துக்கொண்டிருந்தார். குடித்துவிட்டு மீசையைச் சட்டையால் நன்றாகத் துடைத்தார். திரும்பியவர் அவளைப் பார்த்ததும் திருடனைப் போல விழித்தார்.

"என்ன பண்றீங்க இங்க?"

"சும்மா... கொடியில துணி எடுக்கலாம்னு."

கொடி வெறுமையாக இருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

அவர் குழாயை மறுபடி இறுக்கி மூடினார். சமையலறையில் அவளுடைய சின்ன டம்ளரைத் தவிர மற்றவை கண்ணில் படாமல் போய் மாதக்கணக்காகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உன் எதிர்ல எப்படிம்மா குடிப்பேன்? தொண்டைக்குள்ள இறங்குமா?"

"இந்த வீட்ல மறைச்சு மறைச்சு ஒரு ஆள் கெட்டது போதாதா?" என்றாள் அவள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் தழுதழுத்தது. "பாதி நாள் தாகத்தோட இருக்கீங்க, அது எனக்கு இப்பத்தான் புரியுது. உதடு வெடிச்சுக் கெடக்கு. நீங்களும் காய்ஞ்சு போயிட்டா என்னை யாரு பாப்பா? போய் ஒரு செம்பு நிறைய எடுத்துட்டு வாங்க. என் பக்கத்துல உக்காந்து குடிங்க."

"வேண்டாம்."

"எடுத்துட்டு வாங்கன்னா."

அவர் எடுத்து வந்தார். ஜன்னலோரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து செம்பை உதட்டில் வைத்தார். முதல் வாய் விக்கியது. கண்ணிலிருந்து வழிந்தது தாடையில் இறங்கிச் செம்புக்குள் விழுந்தது. அவள் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"மெதுவா. அவசரமில்ல."

அவருடைய தொண்டை ஏறி ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வறண்ட உதட்டை நாக்கால் ஒரு முறை தடவிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. செம்பு காலியாகும்வரை அவர் முதுகிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.